‘ஆந்தூஷாப்ள்’ படத்தின் திரிஸ் யாருடைய பிரதிநிதி?

முன்வரிசை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் எங்கள் சிறிய திரைப்பட வட்டத்தில், 2011இல் வெளியான ‘ஆந்தூஷாப்ள்’ என்ற பிரெஞ்சு நகைச்சுவைப் படத்தைத் திரையிடுகிறோம். படம் தொடங்கும் முன் பதினைந்து நிமிடம் அறிமுகமாகப் பேசும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. எரிக் தொலெதானோவும் ஒலிவியே நகாஷும் இணைந்து இயக்கிய இந்தப் படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கும் 2016இல் வந்த ‘தோழா’வின் வழியாகக் கதை தெரிந்திருக்கும். கழுத்துக்குக் கீழே உணர்விழந்த பாரிஸ் செல்வந்தர் ஃபிலிப், புறநகர் அடுக்குமாடியிலிருந்து வந்த திரிஸ் என்னும் கறுப்பின இளைஞனைத் தம்மைப் பராமரிக்க அமர்த்திக்கொள்கிறார். ஃபிலிப்பாக பிரான்சுவா க்ளூஸேயும் திரிஸாக ஓமர் சீயும் நடித்தார்கள்.

நான் படத்தை மூன்று முறை பார்த்திருக்கிறேன். முதல் முறை வயிறு வலிக்கச் சிரித்தேன். மூன்றாம் முறையும் அதே இடங்களில் சிரித்தேன். ஆனால் எதற்குச் சிரித்தோம் என்று பிறகு யோசித்தபோது நெளிய வேண்டியதாயிற்று.

என் தயக்கம் இதுதான். 1993இல் பாராகிளைடிங் விபத்தில் சிக்கிய ஃபிலிப் போஸோ தி போர்கோ என்ற பிரபு குடும்பத்தவரும், அவரைப் பராமரித்த அப்தெல் செலூவும்தான் கதைக்கு மூலம். அப்தெல் அல்ஜீரியாவில் பிறந்தவர். படத்தில் அந்தப் பாத்திரம் செனகலில் பிறந்த கறுப்பினத்தவராக மாறிவிடுகிறது. இந்த மாற்றத்தைப் பன்முகத்தன்மை என்று பாராட்டுவதா, அல்லது ஏழைக்கும் பணக்காரனுக்கும் இடையிலான பள்ளம் ஒரே பார்வையில் கண்ணில் படட்டும் என்று நிறத்தைப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்று சொல்வதா? எங்கள் வட்டத்தில் ஒரு நண்பர், பிரான்சில் மட்டும் ஒரு கோடியே 94 லட்சம் நுழைவுச்சீட்டுகள் விற்ற படத்தின் நடுவில் கறுப்பினக் கலைஞர் நிற்கிறார், அதற்கு மேல் என்ன வேண்டும் என்கிறார். இன்னொருவர், அந்த மனிதன் திருடுகிறான், புகைக்கிறான், ஆடுகிறான், கடைசியில் வெள்ளைக்காரப் பணக்காரரைக் குணப்படுத்துகிறான், இந்த வேடம் நூறாண்டுப் பழசு என்கிறார். இரண்டையும் கேட்டுத் தலையாட்டிவிட்டு வீடு திரும்பினேன். பொதுவான தீர்ப்புகள் எனக்குத் தேவையில்லை. குறிப்பிட்ட காட்சிகளைச் சுட்டிப் பேச உதவினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


ஏட்டுச்சுவடி எழுதியது:

அப்தெல் திரிஸாக மாறியதற்கு உடனடிக் காரணம் எளிமையானது. ஓமர் சீ அதற்கு முன்பே, 2006இலும் 2009இலும், இதே இயக்குநர்களின் படங்களில் நடித்திருந்தார். இந்தப் பாத்திரத்தை அவரை மனத்தில் வைத்தே எழுதினார்கள். கறுப்பினத்தவர் ஒருவர் வேண்டும் என்று தேடிப் போய் அவரை எடுக்கவில்லை, அவர் வேண்டும் என்பதற்காகப் பாத்திரத்தின் ஊர் மாறியது. ஆனாலும் நோக்கம் ஒன்று, விளைவு வேறு. அல்ஜீரியர் ஒருவர் ஒரு பிரெஞ்சுப் பிரபுவின் மாளிகைக்குள் நுழைந்தால், 1962இல் முடிந்த அல்ஜீரிய விடுதலைப் போரும் கூடவே நுழைந்துவிடும். செனகலும் பிரான்சின் ஆட்சியில் இருந்த நாடுதான் என்றாலும், சராசரிப் பார்வையாளருக்கு அந்தக் காயம் அவ்வளவு பச்சையாக இல்லை. சிரிப்பதற்கு இடம் கொஞ்சம் விசாலமாகிவிட்டது என்பது என் கருத்து.

உங்கள் உரையில் ஒரு பின்னணியை அவசியம் சொல்லுங்கள். பிரான்சில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒருவரின் இனத்தையோ நிறத்தையோ கேட்பதில்லை. பிறந்த நாட்டையும் குடியுரிமையையும் கேட்கும், அத்தோடு நின்றுவிடும். 1978ஆம் ஆண்டின் தனிநபர் தரவுச் சட்டம் இத்தகைய விவரங்களைத் திரட்டுவதற்குக் கடுமையான கட்டுப்பாடு விதிக்கிறது. 2007 நவம்பரில் அரசமைப்பு மன்றமும், ஆய்வுகள் இன மூலத்தையோ இனத்தையோ அடிப்படையாகக் கொள்ளக்கூடாது என்று தீர்ப்பளித்தது. குடியரசு எல்லாரையும் வெறும் குடிமக்களாகவே பார்க்கும் என்பதே கொள்கை. அதனால்தான் தொலைக்காட்சியில் யார் தோன்றுகிறார்கள் என்று 2009 முதல் எண்ணத் தொடங்கிய ஒலி-ஒளிபரப்பு ஆணையம், ‘வெள்ளையராகக் கருதப்படுபவர்’, ‘அப்படிக் கருதப்படாதவர்’ என்று பார்வையாளரின் கண்ணை அளவுகோலாக்கிச் சுற்றி வளைத்து எண்ண வேண்டியிருந்தது. அதே கணக்கெடுப்பு தொழில்வாரியாகவும் எண்ணியது. மேல்தட்டுத் தொழில்களில் உள்ளோர் தங்கள் உண்மையான விகிதத்தைவிட மிக அதிகமாகவும், தொழிலாளர்கள் மிகக் குறைவாகவும் திரையில் தோன்றுவது ஆண்டுதோறும் தெரியவந்தது. நிறத்தைப் பற்றிய விவாதத்தில் இந்த இரண்டாவது கணக்கை யாரும் எடுத்துப் பேசுவதில்லை என்பது என் நெடுநாள் குறை.

புள்ளிவிவரத்தில் சொல்ல முடியாததை நகைச்சுவையில் சொல்லிவிடுகிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் நிறத்தைப் பற்றி வாய்விட்டுப் பேசும் இடங்களில் முதன்மையானது திரையரங்கு.

இனி, நீங்கள் கேட்ட காட்சிகள். வர்க்கத்தைப் பற்றிப் பேசும்போது இந்தப் படம் மிகக் கூர்மையானது. பிறந்தநாள் விருந்தில் இசைக்குழு விவால்டியின் ‘வசந்தம்’ என்ற இசையை வாசிக்கிறது. ஃபிலிப் கண்ணை மூடி லயித்திருக்க, திரிஸ் அந்த மெட்டைச் சட்டென்று அடையாளம் கண்டுகொள்கிறான்: வேலையில்லாதோர் உதவித்தொகை அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்தால் காத்திருக்கும் நேரத்தில் ஒலிக்கும் இசை அது! ஒரே மெட்டு ஒருவருக்கு வசந்தம், இன்னொருவருக்கு வரிசை. ரசனை என்பது வர்க்கத்தின் முத்திரை என்று சமூகவியலாளர் பியேர் பூர்தியூ 1979இல் பெரிய நூலாக எழுதியதை இந்த நகைச்சுவைத் துணுக்கு அரை நிமிடத்தில் சொல்லிவிடுகிறது.

ஓவியக் காட்சியும் அப்படியே. திரிஸ் விளையாட்டாகத் தீட்டிய படத்தை, வளர்ந்துவரும் கலைஞர் ஒருவரின் படைப்பு என்று சொல்லி, ஃபிலிப் தம் வட்டத்தைச் சேர்ந்த ஒருவரிடம் 11,000 யூரோவுக்கு விற்றுவிடுகிறார். வாங்குபவர் திரிஸைச் சந்தேகப்பட்டு ஃபிலிப்பை எச்சரித்தவர்தான். வரைந்தவனின் முகம் மறைந்திருக்கும்வரை அந்தப் படத்துக்கு விலை உண்டு.

நிறத்துக்கு வரும்போது படம் சோம்பேறியாகிவிடுகிறது. விருந்தில் விவால்டி முடிந்ததும் ‘எர்த், விண்ட் அண்ட் ஃபயர்’ குழுவின் பாட்டுக்குத் திரிஸ் ஆடத் தொடங்க, விறைத்து நின்ற வெள்ளையர்கள் ஒவ்வொருவராக இளகுகிறார்கள். அமெரிக்காவின் திரைத்தொழில் இதழ் ஒன்றின் விமர்சகர் அந்நாளிலேயே இதைக் கடுமையாகச் சாடினார். பிரான்சில் பலருக்கு அந்தச் சாடல் புரியவே இல்லை. கறுப்பு உடலுக்குத் தாளம் இயல்பாக வரும் என்ற பழைய நம்பிக்கையைக் காட்சி சரிபார்க்காமலேயே எடுத்துக்கொள்கிறது. ஆக, உங்கள் நண்பர்கள் இருவரும் ஒரே படத்தின் வேறு வேறு நிமிடங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.


வடக்குப்புறநகர் எழுதியது:

நான் பாரிஸை ஒட்டிய சென்-சேன்-தெனி மாவட்டத்தில் இருபது ஆண்டுகளாக வசிக்கிறேன். இந்தப் படத்தை அது வெளியான மாதத்திலேயே இரண்டு படமாளிகைகளில் பார்த்தேன். முதலில் எங்கள் பக்கத்துப் பல்திரை அரங்கில், பிறகு அலுவலக நண்பர்களோடு பாரிஸ் நகருக்குள். ஒரே படத்துக்கு இரண்டு சிரிப்புகள். ஏட்டுச்சுவடி அவர்கள் குறிப்பிட்ட காத்திருப்பு இசைக்கு எங்கள் பக்கத்து அரங்கில் கூரை அதிர்ந்தது. எனக்கு முன்னால் இருந்த பெண்மணி அடுத்த வசனம் கேட்காத அளவுக்குச் சிரித்தார். நகருக்குள் அதே இடத்தில் மெல்லிய புன்னகைதான். ஓபரா மேடையில் மரமாக வேடமிட்டவர் ஜெர்மன் மொழியில் பாடுவதைப் பார்த்துத் திரிஸ் சிரிக்கும் இடத்தில் நகரத்து அரங்கு வெடித்துச் சிரித்தது. தங்கள் வீட்டுப் பெரியவரைக் கேலி செய்ய அனுமதி கிடைத்த பிள்ளைகளைப் போல அவர்கள் சிரித்ததாக எனக்குப் பட்டது.

அதனால் ‘பார்வையாளர்கள் எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்’ என்று ஒருமையில் கேட்பதே சரியல்ல என்று நினைக்கிறேன்.

தொடக்கக் காட்சியைப் பற்றி யாரும் எழுதாதது வியப்பாக இருக்கிறது. இரவு, விலை உயர்ந்த கார், திரிஸ் வேகமாக ஓட்டுகிறான், காவல்துறை துரத்திப் பிடிக்கிறது. ஃபிலிப்புக்கு வலிப்பு வந்துவிட்டது என்று நாடகமாடியதும், துரத்திப் பிடித்த அதே காவலர்கள் மருத்துவமனைவரை வழித்துணையாக முன்னால் செல்கிறார்கள். இதற்குத் திரிஸ் முன்கூட்டியே பந்தயமும் கட்டியிருக்கிறான். எல்லாரும் சிரிக்கிறோம். ஆனால், இதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், 2005 அக்டோபர் 27 அன்று, எங்கள் மாவட்டத்துக் கிளிஷி-சூ-புவாவில், காவலர்களைக் கண்டு ஓடிய இரண்டு சிறுவர்கள் மின்மாற்று நிலையத்துக்குள் ஒளிந்து மின்சாரம் தாக்கி இறந்தார்கள். அதன் பின் மூன்று வாரங்கள் புறநகர்கள் எரிந்தன. கறுப்பினத்தவராகவோ அரபியராகவோ தோற்றமளிக்கும் இளைஞர்கள் காவல்துறைச் சோதனைக்கு நிறுத்தப்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட இருபது மடங்கு அதிகம் என்று, உரிமைகள் காப்பாளர் என்னும் அரசுப் பதவிக்குரிய அலுவலகமே 2017இல் அறிவித்தது. திரிஸ் அந்த இரவில் தப்புவதற்குக் காரணம் அவனுடைய துணிச்சல் அல்ல. பக்கத்து இருக்கையில் இருக்கும் பிரபுவின் உடல். எழுதியவர்கள் இதை அறிந்தே எழுதினார்களா என்று எனக்கு உறுதியாகத் தெரியாவிட்டாலும், காட்சிக்கு அது தெரியும்.

குளியல் தொட்டிகளையும் கவனியுங்கள். தன் வீட்டில் திரிஸ் உடலை மடக்கிச் சின்னத் தொட்டியில் உட்கார்ந்திருக்க, பிள்ளைகள் ஒருவர் மாற்றி ஒருவர் உள்ளே வந்துகொண்டே இருக்கிறார்கள். மாளிகையில் அவனுக்கென்று ஒதுக்கிய அறையில் ஒரு தொட்டி, அதில் அவன் ஒருவன் மட்டும். அந்தத் தொட்டியைப் பார்த்ததும் அவன் முகத்தில் வரும் வியப்பு பேராசை அல்ல. கதவைச் சாத்திக்கொள்ள முடிகிற ஓர் இடம் தனக்கும் வாய்த்திருக்கிறது என்ற திகைப்பு. ஆறு பேருக்கு ஒரு குளியலறை உள்ள குறைந்த வாடகைக் குடியிருப்பில் வாழ்ந்தவர்களுக்கு அது விளங்கும்.

என் குறை வேறு இடத்தில் இருக்கிறது. தம்பி முறையான அதாமா வம்பில் மாட்டிக்கொண்டு மாளிகை வாசலுக்கே வந்து நிற்கிறான். திரிஸ் குடும்பத்தைக் கவனிக்கப் புறப்படுகிறான். அதன் பின் கமெரா யாரோடு போகிறது? ஃபிலிப்போடு. தாடி வளர்த்து, சாப்பிடாமல், புதிய பராமரிப்பாளர்களோடு முரண்டு பிடிக்கும் ஃபிலிப்பை விரிவாகப் பார்க்கிறோம். அதாமாவுக்கு என்ன ஆயிற்று, துப்புரவுப் பணி செய்து பிள்ளைகளை வளர்க்கும், திரிஸையும் வளர்த்த அந்தப் பெண்மணி அவனை எப்படி மீண்டும் வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டார் என்பதெல்லாம் ஓரிரு கணங்களில் கடந்துவிடுகின்றன. அந்த வீட்டுக்குள் ஒரு முழு நகைச்சுவைப் படமே இருக்கிறது. அதை யாரும் எடுக்கவில்லை. திரையில் எத்தனை கறுப்பு முகங்கள் என்று எண்ணுவதைவிட, கதவு சாத்தப்பட்ட பிறகு கமெரா எந்தப் பக்கம் நிற்கிறது என்று கேட்பதே எனக்குப் பயனுள்ள கேள்வியாகப் படுகிறது.

இடையில் ஒன்று. எங்களைப் போன்ற தமிழர்கள் பிரெஞ்சு நகைச்சுவைகளில் தோன்றினால், பின்கட்டில் பாத்திரம் கழுவுபவராகவோ பூ விற்பவராகவோ இரண்டு விநாடி வந்து போவோம். ஒரு தமிழர் பிரெஞ்சுப் படத்தின் நடுவில் நின்றது 2015இல் ‘தீபன்’ படத்தில். கான் விழாவின் தங்கப்பனை விருது அதற்குக் கிடைத்தது. ஆனால் அதில் சிரிக்க என்ன இருக்கிறது? நம்மைப் பார்த்துப் பரிதாபப்படக் கற்றுக்கொண்டவர்கள், நம்மோடு சேர்ந்து சிரிக்க இன்னும் கொஞ்ச காலம் எடுத்துக்கொள்வார்கள் போலும்.


சக்கரவழி எழுதியது:

சுருக்கமாக ஒன்றைச் சேர்க்கிறேன். நான் பதினோரு ஆண்டுகளாகச் சக்கர நாற்காலியில் இருப்பவன். ‘பிரதிநிதித்துவம்’ என்று எல்லாரும் திரிஸைப் பற்றியே பேசுகிறீர்கள். ஃபிலிப்பும் ஒரு சிறுபான்மையின் முகம்தான். அந்த வேடத்தில் நடித்தவர் எழுந்து நடக்கக்கூடியவர் என்பதை யாரும் குறையாகக் குறிப்பிடவில்லை. ஓர் உடற்குறையை நடித்துக் காட்டுவது திறமையாகவும், ஒரு நிறத்தைப் பூசிக்கொண்டு நடிப்பது இழிவாகவும் கருதப்படும் காலத்தில் நாம் இருக்கிறோம். இரண்டுக்கும் இடையே எங்கே கோடு கிழிப்பது என்று எனக்கே தெளிவில்லை.

ஆனால் இனிப்பைக் கையில் வைத்துக்கொண்டு ‘கை இல்லையென்றால் சாக்லேட் இல்லை’ என்று திரிஸ் சீண்டும் காட்சியை என்னைப் போன்றவர்கள் நேசிக்கிறோம். அது பிரெஞ்சில் எல்லாரும் அறிந்த பழைய கடிஜோக். அதைச் சக்கர நாற்காலியில் இருப்பவர் முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கும் துணிவு வராது. எங்களிடம் தணிந்த குரலில்தான் பேசுவார்கள். வேலைக்கு வந்த மற்றவர்களின் முகத்தில் இருந்த பரிவு திரிஸிடம் இல்லை என்பதற்காகவே ஃபிலிப் அவனைத் தேர்ந்தெடுக்கிறார். எனக்கும் அந்த உரிமை இருந்தால் அப்படித்தான் தேர்ந்தெடுப்பேன். அந்த உரிமைக்குப் பின்னால் இருக்கும் பணத்தையும் மறக்க வேண்டாம்: காலையில் வந்து கைகால்களை அசைத்துவிடுபவர், கடிதங்களுக்குப் பதில் எழுதும் செயலாளர், அழைத்த குரலுக்கு நள்ளிரவில் ஓடி வருபவர். அதே விபத்து திரிஸின் மாடிக்குடியிருப்பில் ஒருவருக்கு நேர்ந்திருந்தால் மின்தூக்கி பழுதாகும் நாளில் அவர் வெளியுலகையே பார்த்திருக்க மாட்டார்.


மேடைத்திரை எழுதியது:

ஏட்டுச்சுவடி அவர்களோடு ஓரிடத்தில் மாறுபடுகிறேன். ஆட்டக் காட்சியைத் தனியே வெட்டி எடுத்துப் பார்த்தால் அவர் சொல்வது நியாயம். ஆனால் அது ஒரு கொடுக்கல்வாங்கலின் இரண்டாம் பாதி. முதலில் ஃபிலிப் தம் இசையை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்க வைக்கிறார். அதன் பிறகே திரிஸ் தன் இசையை முன்வைக்கிறான். படத்தின் பின்பகுதியில் வேறொரு வேலைக்கான நேர்காணலில் திரிஸ் ஓவியர் சால்வடோர் டாலியைக் குறிப்பிட்டு எதிரே இருப்பவரை அசத்துகிறான். மாளிகையில் கற்றதை அவன் காசாக்கிக்கொள்கிறான். ஆனால் கணக்கு சமமாகவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஃபிலிப் கற்றுக்கொண்டது மகிழ்ச்சியாக இருப்பதற்கு, திரிஸ் கற்றுக்கொண்டது பிழைப்பதற்கு.

நான் சொல்ல வந்தது வேறு. பிரெஞ்சு வர்க்க நகைச்சுவையில் வெளியாள் ஒருவர் வந்து நிற்பது புதிதல்ல. மொலியேரின் ‘பூர்ழுவா ழாந்தியோம்’ நாடகம் 1670 அக்டோபரில் ஷம்போர் அரண்மனையில் பதினான்காம் லூயிக்கு முன் அரங்கேறியது. துணி வணிகரின் மகனான ழுர்தேன் பிரபுவாக மாறத் துடிக்கிறார். தாம் இத்தனை ஆண்டுகளாகப் பேசிவந்தது உரைநடைதான் என்று தெரிந்து பூரித்துப்போகிறார். கடைசியில் அவரை ஏமாற்ற என்ன செய்கிறார்கள்? துருக்கியர் வேடமிட்டு, புரியாத மொழியில் பாடி, ‘மாமாமூஷி’ என்ற இல்லாத பட்டத்தைச் சூட்டுகிறார்கள். முந்தைய ஆண்டுதான் ஒட்டோமான் தூதர் ஒருவர் அரசவைக்கு வந்து, அங்கிருந்த ஆடம்பரத்தைக் கண்டு அசராமல் போயிருந்தார். அந்தக் கடுப்பு மேடையில் வேடிக்கையாக வெளிப்பட்டது. மேடையில் துருக்கியர் நிறைந்திருக்கிறார்கள், ஆனால் ஒருவர்கூடத் துருக்கியர் இல்லை. சிரிப்பு முழுவதும் பிரெஞ்சு வணிகரைப் பற்றியது. வெளியாள் வெறும் உடுப்பாக வந்து போகிறார்.

இதோடு 2011 பிப்ரவரியில் திரைக்கு வந்த, ஃபிலிப் ல கே இயக்கிய ‘ஆறாம் மாடிப் பெண்கள்’ படத்தை ஒப்பிடுங்கள். 1962ஆம் ஆண்டுப் பாரிஸ். மாடியின் உச்சியில் உள்ள வேலைக்காரர் அறைகளில் ஸ்பெயினிலிருந்து வந்த பணிப்பெண்கள். கீழே பணக்காரப் பங்குத்தரகர் குடும்பம். அங்கும் வெளியிலிருந்து வந்தவர்களே உயிர்த்துடிப்போடு இருக்கிறார்கள், வீட்டுக்காரர் அவர்களைப் பார்த்துத்தான் வாழக் கற்றுக்கொள்கிறார். அதே கதைதான். ஆனால் நிறம் குறுக்கே வராததால் அதை யாரும் இனவாதம் என்று சொல்லவில்லை. ஸ்பானியர்களோ அரை நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்களோடு கரைந்துவிட்டார்கள். ஏழை பணக்காரருக்கு வாழக் கற்றுத்தருவான் என்ற இந்தச் சட்டகம் நிறத்துக்கு முந்தையது. திரிஸின் மீது அது பொருத்தப்பட்டபோதுதான் வேறு ஒரு பழைய சட்டகமும் அதோடு வந்து ஒட்டிக்கொண்டது.

2014இல் ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்த ஃபிலிப் த ஷோவ்ரோனின் நகைச்சுவையைப் பாருங்கள். ஷினோன் ஊரின் கத்தோலிக்கத் தம்பதியருக்கு முஸ்லிம், யூதர், சீனர் என மூன்று மருமகன்கள். நான்காவதாக ஐவரி கோஸ்ட்டைச் சேர்ந்தவர். பன்முகத்தன்மைக்குக் குறைவே இல்லை. ஆனால் அவர்களுடைய தொழில் என்ன? வழக்கறிஞர், வங்கியாளர், தொழில்முனைவோர், நடிகர். வாடகை கட்ட முடியாதவர் எவரும் அந்த விருந்து மேசையில் இல்லை. வண்ணங்கள் அனைத்தும் இடம்பெற்ற படத்தில் வர்க்கம் வெளியேறிவிட்டது. நிறத்தைக் கையாள்வதில் தடுமாறினாலும், தொட்டியையும் காத்திருப்பு இசையையும் பதிவுசெய்த ‘ஆந்தூஷாப்ள்’ எனக்கு இதைவிட நேர்மையான படம்.


முன்வரிசை எழுதியது:

இத்தனை விரிவான மறுமொழிகளை எதிர்பார்க்கவில்லை, அனைவருக்கும் நன்றி. 2012 பிப்ரவரி 24 அன்று ஓமர் சீக்குச் சிறந்த நடிகருக்கான, பிரெஞ்சுத் திரையுலகின் சேசார் விருது கிடைத்ததை வைத்து உரையைத் தொடங்கலாம் என்று எண்ணியிருந்தேன். சிறந்த நடிகருக்கான சேசார் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர் அவர். ஆஸ்கரை இரண்டு நாள் கழித்து வெல்லவிருந்த ழான் துழார்தேனை அன்று முந்தினார். ஆனால் 2018இல் பதினாறு கறுப்பின நடிகைகள் இணைந்து தங்களுக்குத் தொடர்ந்து தரப்படும் வேடங்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டு, கான் விழாவின் சிவப்புக் கம்பளத்தில் ஒன்றாக நின்றதும் நினைவுக்கு வருகிறது. அவர்களுள் ஒருவரான அய்ஸா மைகா 2020 சேசார் மேடையில், அரங்கிலிருக்கும் வெள்ளையர் அல்லாதோரை எண்ணாமல் இருக்கத் தம்மால் முடிவதில்லை என்ற பொருளில் பேசினார். ஒருவர் வென்றதால் வாசல் திறந்துவிடவில்லை என்பதற்கு இதற்கு மேல் சான்று தேவையில்லை. எனவே விருதை உரையின் நடுவில் ஒரு வரியாகச் சொல்லிவிட்டு, குளியல் தொட்டிகளில் தொடங்கப் போகிறேன். இரண்டு காட்சிகளையும் ஒலியில்லாமல் அடுத்தடுத்து ஓட்டிக் காட்டலாம் என்பது யோசனை.

வடக்குப்புறநகர் அவர்களே, உங்கள் கமெரா பற்றிய கேள்வியைப் பெயர் சொல்லாமல் அப்படியே எடுத்துக்கொள்ள அனுமதி கேட்கிறேன்.

இரண்டு சிக்கல்கள் மிச்சம் இருக்கின்றன. ஒன்று, படத்தின் தலைப்பு. ‘தீண்டத்தகாதவர்கள்’ என்று மொழிபெயர்த்தால் நம் காதில் அது சாதியாகவே ஒலிக்கும்; கேட்பவர் மனம் அங்கேயே நின்றுவிடும். இரண்டு, எங்களிடம் உள்ள பிரதியின் துணைத்தலைப்பில் விவால்டி வசனம் ‘அரசு அலுவலகம்’ என்று சப்பென்று வந்திருக்கிறது. பிரெஞ்சில் அவன் என்ன சொல்கிறான்?


வடக்குப்புறநகர் எழுதியது:

தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

தலைப்பை மொழிபெயர்க்காமல் விட்டுவிடுங்கள் என்பேன். பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு இந்தியத் தீண்டாமையின் பொருளும் உண்டு. யாராலும் கைவைக்க முடியாத இடத்தில் இருப்பவர், சட்டமே நெருங்க முடியாதவர் என்ற பொருளும் உண்டு. பன்மையில் வைத்திருப்பதால் யாருக்கு எந்தப் பொருள் என்று படம் சொல்வதில்லை. தொட்டாலும் உணராத உடல் ஒன்று, தொடத் தயங்கப்படும் உடல் ஒன்று. தமிழில் ஒரே சொல்லில் இது அடங்காது. உரையில் இரண்டு வாக்கியமாகச் சொல்லிவிடலாம்.

வசனத்தில் அவன் சொல்வது ‘அசெதிக்’. வேலையிழந்தோருக்கு உதவித்தொகை வழங்கிவந்த அமைப்பின் பெயர் அது. தொலைபேசியில் வரும் பதிவுக் குரலைப் போலவே பேசி, இணைப்புகள் அனைத்தும் பிறர் பயன்பாட்டில் உள்ளன, காத்திருக்கும் நேரம் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் என்று முடிப்பான். படம் வந்தபோது அந்தப் பெயரில் அலுவலகமே இல்லை. 2008 இறுதியில் அதை வேலைவாய்ப்பு முகமையோடு இணைத்து ‘போல் ஆம்ப்ளுவா’ ஆக்கிவிட்டார்கள், 2024இலிருந்து அது ‘பிரான்ஸ் த்ரவாய்’. ஆனால் எங்கள் பக்கத்தில் அந்நாளில் எவரும் புதுப்பெயரைச் சொல்லவில்லை, எல்லார் வாயிலும் ‘அசெதிக்’தான். முதல் நாள் நேர்காணலுக்குத் திரிஸ் வருவதே அந்த உதவித்தொகைக்காக, வேலை மறுக்கப்பட்டது என்று ஒரு தாளில் கையொப்பம் வாங்கத்தான் என்பதையும் நினைவூட்டுங்கள். துணைத்தலைப்பில் ‘உதவித்தொகை அலுவலகத் தொலைபேசி’ என்று திருத்தினால் போதும். மிச்சத்தை ஓமர் சீயின் குரல் பார்த்துக்கொள்ளும்; அந்தப் பதிவுக் குரலின் இழுவையை அவர் அப்படியே கொண்டுவந்திருப்பார்.